மூத்தம்மாவின் பாதைகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



இந்த நிகழ்வுக்கு என்னை அழைத்தபோது, "நீரிழிவு பற்றிப் பேசுங்கள் டொக்டர்" என்றார்கள். நீரிழிவைப் பற்றி நான் பல வருடங்களாகப் பேசி வருகிறேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூட்டம் முடிந்ததும் இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். ஆகவே இன்று ஒரு பயணத்தைப் பற்றிப் பேசலாம் என்று அனுமதி கேட்டேன். நீரிழிவு இடையில் எப்படியும் வரும். நம் ஊரில் ஏழு பெண்கள் ஒரு வேனில் ஏறினால் அதுவும் கூடவே ஏறிக்கொள்ளும்.

சென்ற வருடம் ஜூலை மாதம் ஒரு சனி, ஞாயிறு. 1996ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பில் ஏழு பேர், காத்தான்குடியிலிருந்து கரையோர வீதியால் திருகோணமலைக்குப் போய் வந்தோம். வேனை ஓட்டியவர் ஒரு தோழியின் தம்பி. என் கணவரும் வந்தார். ஏழு பெண்கள் பேசுவதை இரண்டு நாள் கேட்டபடி முன் ஆசனத்தில் இருந்த அவருடைய பொறுமைக்கு இச்சந்தர்ப்பத்தில் நன்றி கூறுகிறேன்.

இந்தப் பயணத்தின் தொடக்கம் இந்தப் பாடசாலைதான். புவியியல் பாடத்தில் எங்கள் ஆசிரியை கிழக்குக் கரையை வரையச் சொல்வார். நீலப் பென்சிலால் கரையோரம் நிழல் போட்டு, மட்டக்களப்பு வாவி, பாசிக்குடா, வெருகல் ஆறு, கொட்டியாரக்குடா, திருகோணமலை இயற்கைத் துறைமுகம் என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். எனக்கு அதில் முழுப் புள்ளியும் கிடைத்தது. நான் குறித்த இடங்களில் ஒன்றையும் நான் கண்டதில்லை. வாவி மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் அது எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்தது.

காரணம் உங்களுக்குத் தெரியும். 1990இல் நான் ஐந்தாம் ஆண்டில் படித்தேன். ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவைப் பற்றி இந்த மண்டபத்தில் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பின் பல வருடங்கள் ஊருக்கு வெளியே போவது என்றால் வைத்தியசாலைக்கு, இல்லையென்றால் மையித்து வீட்டுக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் சில சதுர கிலோமீற்றருக்குள் இவ்வளவு சனம். அதற்குள்ளேயே படித்தோம், அதற்குள்ளேயே வளர்ந்தோம். வடக்கே போகும் வீதி எங்களுக்கு வரைபடத்தில் இருந்த சிவப்புக் கோடு மட்டும்தான்.

அந்தக் கோட்டுக்கு எனக்கு உயிர் கொடுத்தவர் என் மூத்தம்மா. அவர் கிண்ணியாவில் பிறந்தவர். நம் ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஆனால் கிண்ணியாவில் கடை வைத்திருந்த மூத்தவாப்பா, வியாபாரத்தை முடித்து ஊருக்குத் திரும்பும்போது மூத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பயணத்தை மூத்தம்மா எங்களுக்குக் கதையாகச் சொல்வார். "கிண்ணியாப் பாதை, உப்பாத்துப் பாதை, இறால்குழிப் பாதை, கங்கைப் பாதை, வெருகல் பாதை" என்று விரல் மடித்து எண்ணுவார்.

இளைய பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். நம் பக்கத்தில் பாதை என்றால் தரையில் போகும் வழி மட்டுமல்ல. ஆற்றைக் கடக்க, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கயிற்றால் இழுத்துப் போகும் மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். பாலம் இல்லாத இடத்தில் அதுவே வழி. மூத்தம்மாவின் கதையில் ஒவ்வொரு பாதையடியிலும் ஒரு காத்திருப்பு இருக்கும், ஒரு தேநீர்க் கடை இருக்கும், யாரோ ஒரு பெண்ணோடு ஏற்பட்ட பழக்கமும் இருக்கும்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன்.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். பிரதான வீதியின் பேரீச்ச மரங்களைத் தாண்டி, கல்லடிப் பாலத்தில் வேனை மெதுவாக விடச் சொன்னோம். பக்கத்தில் பழைய இரும்புப் பாலம். அது 1924இல் திறக்கப்பட்டது, நமது நூற்றாண்டுக்குச் சமவயதுக்காரி. புதிய பாலம் 2013இல் வந்தது. இந்தப் பாலத்தடியில்தான் மீன் பாடும் என்று மட்டக்களப்புக்கு மீன்பாடும் தேனாடு என்ற பெயர் வந்தது. நிலா வெளிச்ச இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். மீனல்ல, ஊரிதான் அந்தச் சத்தத்தைப் போடுகிறது என்பது இங்குள்ள மீனவர்களின் பழைய நம்பிக்கை. எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில்கூட அந்த ஓசை பற்றி எழுதியிருக்கிறார். எங்கள் ஏழு பேரில் ஒருத்தியும் அதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய வயதில் இரவு வெளியே போக முடியாத காலம் அது.

முதல் தரிப்பு பாலமீன்மடு முகத்துவாரம். வெளிச்ச வீட்டைக் கடந்து போனால், ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான நமது வாவி கடலைச் சந்திக்கும் இரண்டு இடங்களில் ஒன்று அது. மற்றது தெற்கே கல்லாறு. வரட்சிக் காலத்தில் கடல் அலை கொஞ்சம் கொஞ்சமாக மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை மூடிவிடும். மாரியில் வெள்ளம் ஏறும்போது அந்த மணல் திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவார்கள். இதைத்தான் ஆற்றுவாய் வெட்டுவது என்கிறோம். வெட்டாமல் விட்டால் வயலும் வீடும் தண்ணீரில் நிற்கும். நாங்கள் போனபோது மணல் மேடு உயர்ந்து, இந்தப் பக்கத் தண்ணீரும் அந்தப் பக்கத் தண்ணீரும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. இதை மனதில் வைத்திருங்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

அடுத்தது பாசிக்குடா. மட்டக்களப்பிலிருந்து சுமார் 35 கிலோமீற்றர். வளைந்த குடா, வெளியே முருகைக்கல் திட்டு, அதனால் உள்ளே அலை இல்லை. தண்ணீர் முழங்காலளவில், இடுப்பளவில் நெடுந்தூரம் போகும். கிழக்குக் கரையில் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இதே கடலை நம்ப முடியாது. 1998இல் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது இலங்கைக் கரையோர முருகைகள் பெருமளவில் வெளிறிப் போயின. பாசிக்குடாவும் அதற்குத் தப்பவில்லை. முருகை கல்லல்ல, உயிர். வீட்டு அலுமாரிக்கு அழகுக்காக ஒரு துண்டு எடுத்து வருவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே எங்களில் ஒருத்தி வேனை விட்டு இறங்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு அவள் கடலில் கால் வைத்ததில்லை. கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றர் தூரத்தில் வாழ்ந்துகொண்டு இருபது வருடங்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை. வைத்தியராக நான் கற்ற பாடம் அது, பயத்தை இழுத்து இறக்கக் கூடாது. அரை மணித்தியாலம் கழித்து அவளாகவே வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும் வரை வந்து நின்றாள். ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தண்ணி சூடா இரிக்கு" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் போகவில்லை. அன்றைக்கு அது போதும்.

ஓட்டமாவடி தாண்டி, வீதி பிரிந்து வடக்கே திரும்பியதும் நிலம் மாறுகிறது. வீடுகள் குறைந்து, பற்றைக்காடும் கண்டல் மரமும் கூடுகின்றன. மாங்கேணி, காயான்கேணி, பனிச்சங்கேணி. பெயர்களில் எல்லாம் கேணி இருக்கிறது. பனிச்சங்கேணியில் களப்பைக் கடக்கும்போது ஒரு பக்கம் கண்டல் காடு, மறுபக்கம் திறந்த கடல். கண்டலின் வேர்கள் சேற்றைப் பிடித்து வைக்கின்றன, மீன் குஞ்சும் இறால் குஞ்சும் அந்த வேர்களுக்குள்தான் வளர்கின்றன. நாம் சந்தையில் விலை கூடிவிட்டது என்று குறைபடும் இறாலின் தொட்டில் அது.

இனி நீரிழிவு வருகிறது.

வாகரைக்கு அருகில் வரும்போது எங்களில் ஒருத்திக்குத் தலைச்சுற்று, கை நடுக்கம், வியர்வை. வேன் ஓட்டத்தால் வந்த மயக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவள். காலையில் மாத்திரையை விழுங்கியிருக்கிறாள், ஆனால் நாங்கள் கட்டிக் கொண்டுவந்த இடியப்பத்தில் ஒன்றைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். தண்ணீரோ ஒரு மிடறும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "குடிச்சா போகணுமே, எங்க போற?" என்றாள். விசாரித்துப் பார்த்தால் ஏழு பேரில் ஐந்து பேர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வைத்தியராகிய நானும் அந்த ஐவரில் ஒருத்தி. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் பெண்கள் பயணத்துக்கு முதல் நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது எவ்வளவு வழமையாகிவிட்டது! சிகிச்சை நிலையத்தில் திங்கட்கிழமைகளில் சிறுநீர்த் தொற்றோடு வருபவர்களிடம் கேட்டால், பலர் வார இறுதியில் தூரப் பயணம் போய் வந்தவர்களாக இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் கிருமி பெருக இடம் கொடுக்கிறோம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே சில வார்த்தைகள். பயண நாளிலும் தண்ணீர் குடியுங்கள். மாத்திரை எடுத்தால் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். கையும் உடம்பும் நடுங்கி வியர்த்தால் உடனே சீனித் தண்ணீரோ இனிப்போ கொடுங்கள், பிறகு கொஞ்சம் சாப்பாடு கொடுங்கள். மயங்கி விழுங்க முடியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். இன்சுலினை வெயில் படும் இடத்தில், வேனின் முன்கண்ணாடி ஓரத்தில் வைக்காதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது இறங்கி நடவுங்கள்.

தோழிக்குச் சீனி கொடுத்தோம், கொஞ்ச நேரத்தில் தெளிந்தாள். ஆனால் எல்லோருக்கும் ஒரு கழிப்பறை தேவைப்பட்டது. வீதியில் பொதுக் கழிப்பறை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஒரு வீட்டு வாசலில் நின்று தயங்கினோம். ஏன் தயங்கினோம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் உடை. அவர்கள் தமிழ் ஆட்கள். யுத்த காலத்தில் இரண்டு பக்கமும் பட்ட காயம் ஒன்று, 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்களைப் பார்த்துப் பிறர் தயங்கியதும், பிறரைப் பார்த்து நாங்கள் ஒதுங்கியதும் இன்னொன்று. ஏழு அபாயாக்கள் ஒரு வேலிக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தன.

உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். எங்களை ஒரு முறை பார்த்தார். "என்ன பிள்ளையள் வெளியில நிக்கிறீங்க, உள்ளுக்கு வாங்க. கிணறு பின்னால இரிக்கு" என்றார். அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராகப் போய் வந்தோம். வுளுச் செய்யப் போகிறோம் என்று தெரிந்ததும் கிணற்றுக் கட்டைத் தானே கழுவி விட்டார். திண்ணையில் பாய் விரித்துத் தந்தார். ழுஹரையும் அஸரையும் அங்கேயே சேர்த்துத் தொழுதோம். நான் டொக்டர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் தன் கிளினிக் கொப்பியை எடுத்து வந்தார். இரத்த அழுத்தத்துக்குத் தந்த மாத்திரையை, தலையிடி வந்தால் மட்டும் போடுவதாகச் சொன்னார். தினமும் போட வேண்டும் என்று விளக்கினேன். புறப்படும்போது ஒரு பையில் முருங்கைக்காய் தந்தார். மூத்தம்மா பாதையடிகளில் பழகிய பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வாகரைக்கும் கதிரவெளிக்கும் அப்பால் வெருகல். மகாவலியின் ஒரு கிளைதான் வெருகல் ஆறாக இங்கே கடலுக்கு வருகிறது. மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து திருகோணமலை மாவட்டம் தொடங்கும் இடமும் இதுதான். மூத்தம்மா அரை நாள் காத்திருந்த வெருகலை, பாலத்தின் மேலாக ஒரு நிமிடத்துக்குள் கடந்தோம். நான் விரல் மடித்தேன். பிறகு வயலும் சேனையுமாக நீண்ட தூரம். மூதூர்ச் சந்தி தாண்டினால், மூத்தம்மாவின் மற்றப் பாதைகள் இருந்த இடங்களிலும் இன்று பாலங்கள். இடப்புறமும் வலப்புறமும் தண்ணீர் மின்ன, வேன் நிற்காமலேயே போனது.

கிண்ணியாப் பாலத்தில் மட்டும் இறங்கினோம். 396 மீற்றர். 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டபோது நாட்டிலேயே மிக நீளமான பாலம். அதன் மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் தம்பலகாமம் குடா, மறுபக்கம் கொட்டியாரக்குடா. மகாவலியின் பிரதான கிளை கலக்கும் குடா அது. 1660இல் றொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தக் கொட்டியாரக் கரையில்தான் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடங்களுக்கு மேல் கைதியாக இருந்தார். வரலாற்று ஆசிரியைகளுக்கு இது தெரிந்திருக்கும்.

என் மூத்தம்மாவுக்கு நொக்ஸைத் தெரியாது. அவருக்கு அந்தக் கரையில் ஒரு தங்கை இருந்தார். 1993இல் அந்தத் தங்கை மௌத்தானபோது, கபுறடக்கம் முடிந்த பின்புதான் செய்தி வந்தது. கரையோர வீதி அடைபட்டிருந்தது. பொலன்னறுவை, ஹபரணை என்று 200 கிலோமீற்றருக்கு மேல் சுற்றிச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போக வேண்டும். அவர் போகவில்லை. இதுவரை எல்லோரும் யுத்தத்தைக் குறை சொல்லலாம், நானும் சொல்வேன்.

ஆனால் 2002இல் சண்டை நின்றது. மூத்தம்மா என்னைக் கூப்பிட்டு, "என்ன ஒருக்கா கிண்ணியாவுக்குக் கூட்டிப் போ மகள்" என்றார். நான் அப்போது மருத்துவ பீட மாணவி. "சோதின முடியட்டும் மூத்தம்மா" என்றேன். சோதினை முடிந்தது. அதற்குப் பிறகு இன்னொரு சோதினை வந்தது. 2003இல் மூத்தம்மா மௌத்தாகிவிட்டார். பன்னிரண்டு வருடங்கள் யுத்தம் அடைத்திருந்த வீதியைக் கடைசி வருடத்தில் அடைத்தது நான்தான். பாலத்தின் நடுவில் நின்று இதைத்தான் தோழிகளிடம் சொன்னேன். முதல் தடவையாகச் சொன்னேன்.

அந்தப் பழைய பாதைகளை அழகான நினைவாக மட்டும் பார்க்கவும் கூடாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி, இதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். பாலம் ஒரு வசதி மட்டுமல்ல. சில இடங்களில் அது உயிர்.

மாலையில் திருகோணமலை. சுவாமி மலை என்ற செங்குத்துப் பாறையிலிருந்து கடலைப் பார்த்தோம். அந்தக் கடலுக்கு அடியில் உலகின் பெரிய ஆழ்கடல் பள்ளத்தாக்குகளில் ஒன்று கரைக்கு மிக அருகிலேயே தொடங்குகிறது. நீலத் திமிங்கிலங்கள் இங்கே கரையை அண்டி வருவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். புவியியல் வரைபடத்தில் நான் ஒரு சிறு வளைவாகப் போட்ட துறைமுகம், மலைகளுக்கு நடுவே அமைதியாகக் கிடந்தது. என் வரைபடம் பிழையல்ல. ஆனால் அதில் காற்று இல்லை, உப்பு மணம் இல்லை, வாகரை அம்மாவின் கிணறு இல்லை.

அன்பான சகோதரிகளே, முகத்துவாரத்துக்குத் திரும்பி வருவேன் என்றேன். வாவியின் வாயை யாரும் திட்டமிட்டு மூடுவதில்லை. ஒவ்வொரு அலையும் ஒரு பிடி மணலைக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். நம் பெண்களின் வழியும் அப்படித்தான் மூடிப்போகிறது. இன்று யாரும் தடுப்பதில்லை. சோதினை முடியட்டும், பிள்ளை வளரட்டும், அங்கே கழிப்பறை இருக்காது, தொழ இடம் இருக்காது, அவர்கள் என்ன நினைப்பார்களோ. ஒவ்வொன்றும் ஒரு பிடி மணல். தண்ணீர் தானாக வழி திறக்கும் என்று காத்திருந்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். மண்வெட்டியோடு நாலு பேர் போய் வெட்டத்தான் வேண்டும்.

ஆகவே சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, ஒவ்வொரு வருடமும் பத்தாம் ஆண்டு மாணவிகளை ஆசிரியைகளோடும் தாய்மாரோடும் இந்த வீதியால் ஒரு நாள் கூட்டிப் போவோம். வரைபடத்தைப் பனிச்சங்கேணியில் நின்று வரையட்டும். முதல் வேனுக்கான செலவை எங்கள் 1996ஆம் வருட வகுப்பு ஏற்கும். இரண்டு, பெண்கள் இறங்கித் தொழவும் கழிப்பறைக்குப் போகவும் இந்த வீதியில் எந்த இடங்கள் உண்டு என்று ஒரு பட்டியல் தயாரிப்போம். இல்லாத இடங்களில் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் பிரதேச சபைகளிடமும் எழுத்தில் கேட்போம். நூறு வருடமாகப் பெண்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்த பாடசாலை இது. ஒரு கடிதம் எழுத முடியாதா நமக்கு? மூன்று, வீட்டில் ஒரு மூத்தம்மா இருந்து, "ஒருக்கா கூட்டிப் போ" என்று கேட்டால், நாளை என்று சொல்லாதீர்கள்.

திரும்பி வரும் வழியில் வாகரையில் வேனை நிறுத்தினோம். அந்த அம்மாவுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மஸ்கட்டில் மிச்சமிருந்ததைக் கொடுத்தோம். மாத்திரையைப் போட்டாரா என்று கேட்டேன். "போட்டன் பிள்ள" என்றார். அதன் பிறகு ஏழு பேரும் ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வேனில் ஏறினோம்.